மின்னலாட்டமும் மீள்நோக்கும்

சதுரங்கத்தைப் பற்றி இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுவது தகுமோ என்று யாம் சிறிது தயங்கினோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவர் இலக்கியத்தை விடுத்து ஆட்டத்தை எழுதுவதேன் என்று வினவுவாரும் உளர். ஆயினும், இந்நாளில் நம் விடுதி அறைகளில் விளக்கணைந்த பின்னர்த் தோன்றும் சிறு வெளிச்சங்களுட் பல, கைப்பேசியில் விரிந்த சதுரங்கப் பலகையின் வெளிச்சங்களே. நூலுக்குச் செல்லவேண்டிய பொழுதில் ஒரு பெரும்பங்கு அதற்குச் செல்கின்றது. அங்ஙனம் செல்வதனால் ஆடுவோர் ஆட்டத்திலேனும் உயர்கின்றனரோ எனின், அதுவும் இல்லை. இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுகின்றோமல்லோம். எம்மையே முதற் சான்றாக நிறுத்திக் கூறுகின்றோம்.

பிளிட்ஸ் என்பது ஜெருமானியச் சொல். மின்னல் என்பது அதன் பொருள். ஆதலின், இவ்வகை ஆட்டத்தை ஈண்டு மின்னலாட்டம் என்றே வழங்குவோம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு வகுத்த விதியின்படி, ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்கு 10 நிமிடமோ அதனிற் குறைந்த நேரமோ அளிக்கப்படுமாயின் அது மின்னலாட்டம் எனப்படும். உலகப் பட்டத்திற்குரிய மின்னலாட்டப் போட்டியில் ஒருவருக்கு 3 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் மேலதிகமாக 2 விநாடியும் தருவர். இணையத்திலோ அம்மேலதிக விநாடிகளின்றி வெறும் 3 நிமிடம் வைத்து ஆடுவோர் மிகப் பலர். 2007இல் தோன்றிய செஸ்.காம், 2010இல் பிரெஞ்சு நிரலாளர் ஒருவரால் தொடங்கப்பெற்று இன்றளவும் கட்டணமின்றி நடைபெறும் லிசெஸ் என்னும் இரு தளங்களே நம் மாணவர்க்குப் பெரிதும் பழக்கமானவை. விரலால் ஒருமுறை தொட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து நமக்கு நிகரான எதிராளி ஒருவர் சில விநாடிகளில் வந்து அமர்கின்றார். தோற்றால், மீண்டும் ஒருமுறை தொட்டவுடன் மற்றொருவர் வருகின்றார்.

ஆட்டத்தைப் புதிதாகக் கற்பார்க்கு யாம் கூறவேண்டியது ஒன்றுமில்லை. அவர்க்கு எதை ஆடினும் பயனுண்டு. எம் சொல் வலியவர்களை நோக்கியது. காய்களை வாளா இழவாதவர், தொடக்க முறைகள் சிலவற்றை அறிந்தவர், தம் ஊரிலும் பள்ளியிலும் பலரை வென்றவர், இணையத்தில் 2000 என்னும் தரப்புள்ளியைக் கடந்து, அதன்பின் ஆண்டுக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்பவர், ஆகிய இவர்களையே கருதுகின்றோம். நம் கல்லூரியில் இத்தகையோர் பத்துப்பேருக்குக் குறையார். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான மின்னலாட்டங்களை ஆடியவர். ஒவ்வொருவரும் இன்னும் ஆயிரம் ஆடினால் ஏறிவிடுவோம் என்று நம்புபவர். அந்நம்பிக்கை பொய் என்பதே எம் கருத்து.

சென்ற ஆண்டு ஒரு பருவத்தேர்வின் முந்தைய இரவில் யாம் 2140 புள்ளியோடு ஆடத் தொடங்கினோம். முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றோம். இழந்த புள்ளிகளை மீட்டபின் உறங்குவோம் என்று எண்ணினோம். விடியற்காலை பார்த்தபொழுது 61 ஆட்டங்கள் முடிந்திருந்தன. புள்ளி 2020 ஆகியிருந்தது. காலையில் சொல்லதிகாரத் தேர்வு எழுதினோம். அதனை எங்ஙனம் எழுதினோம் என்பதை எம் பேராசிரியர் அவர்கள் நன்கறிவார்கள். தேர்வினும் எம்மை வருத்தியது மற்றொன்று. உணவு வேளையில் நண்பர் ஒருவர், இத்தனை ஆடினீரே, ஓர் ஆட்டத்தையேனும் முதலிலிருந்து இறுதிவரை சொல்லும் என்றார். யாம் வாய் திறந்தோம், ஒன்றும் வரவில்லை. 61 ஆட்டங்களுள் ஒன்றின் பத்தாவது நகர்வு கூட எம் நெஞ்சில் நிற்கவில்லை.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1970இல் யூகோஸ்லாவிய நாட்டின் ஹெர்செக் நோவி என்னும் கடற்கரை ஊரில், அந்நாளைய பெருவல்லுநர் பன்னிருவர் கூடி 5 நிமிட மின்னலாட்டப் போட்டி ஒன்று நடத்தினர். தால், பெத்ரோசியான், ஸ்மிஸ்லோவ் என்னும் முன்னாள் உலகச் சாம்பியன் மூவரும், கோர்ச்னாயும், பிரான்ஸ்டைனும் அதில் இருந்தனர். அமெரிக்கராகிய பாபி பிஷர் 22 ஆட்டங்களில் 19 புள்ளி பெற்று முதல்வரானார். இரண்டாமவராகிய தால் பெற்றது 14½. பிஷர் மின்னலாட்டத்தையே தொழிலாகக் கொண்டவரல்லர். இராப்பகலாக நூல்களோடும் பலகையோடும் தனித்திருந்து பயின்றவர். போட்டி முடிந்தபின் அவர் தாம் ஆடிய 22 ஆட்டங்களின் நகர்வுகள் அனைத்தையும் நினைவிலிருந்தே ஒப்பித்தார் என்பர். 5 நிமிடத்தில் ஆடியதாயினும் அவ்வாட்டம் ஒவ்வொன்றும் அவருள் பதிந்திருந்தது. எம் ஆட்டங்களோ எம் விரல்வழி ஓடியனவேயன்றி, எம்முள் வந்து தங்கியனவல்ல. அவருக்கும் எமக்கும் உள்ள தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதென்பதை யாம் அறிவோம். ஆயினும் அத்தொலைவின் தன்மை இன்னதென்று அன்றுதான் சிறிது விளங்கிற்று.

நீந்தக் கற்பவன் நீரில் இறங்கவேண்டும். விரைந்து ஆடக் கற்பவன் விரைந்தே ஆடவேண்டும் என்பது நண்பர் பலரின் வாதம். கேட்பதற்கு இனிய வாதமே. ஆனால் விரைவு எங்கிருந்து வருகின்றது என்பதை அவர் ஆராயவில்லை. ஒல்லாந்து நாட்டு உளநூலாராகிய தெ குரூட் என்பவர் 1946இல் வெளியிட்ட தம் ஆய்வில், வல்லுநர்க்குச் சில விநாடிகளே ஒரு நிலையைக் காட்டி மறைத்தாலும் அவர் காய்களை ஏறக்குறைய முழுவதும் திரும்ப அடுக்கிவிடுவதைக் காட்டினார். 1973இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் இதனை மேலும் ஆராய்ந்தனர். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையை 5 விநாடி காட்டியபொழுது வல்லுநர் சிறந்து விளங்கினார். அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டியபொழுது அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றேயாயினர். ஆகவே வல்லுநரின் நினைவாற்றல் பிறரினும் பெரிதென்பதன்று. பல்லாண்டு ஊன்றி நோக்கிய அமைப்புகள் அவர் உள்ளத்தில் தொகுதி தொகுதியாய் அடங்கியிருக்கின்றன. அவற்றையே அவர் பலகையில் கண்டுகொள்கின்றார். யாப்புப் பயின்றவன் ஒரு செய்யுளைக் கேட்டவுடன் எழுத்தெண்ணாமலே பாவகையை உணர்வது போல்வது இது. மின்னலாட்டத்தில் நமக்குக் கிடைக்கும் 3 விநாடியும் 4 விநாடியும் முன்பு சேர்த்ததை எடுத்துச் செலவிடும் பொழுதேயன்றிச் சேர்க்கும் பொழுதல்ல. சேர்க்காமல் நாடோறும் செலவிட்டுக்கொண்டே செல்வம் பெருகவில்லையே என்று ஏங்குகின்றோம்.

நம் விசுவநாதன் ஆனந்தைச் சான்றுகாட்டி எம்மை மறுப்பாரும் உண்டு. அவர் சென்னையில் மிகயில் தால் பெயரால் அமைந்த கழகத்தில் சிறுவராயிருந்தபொழுதே மின்னலென ஆடியவர். இளமையில் எதிரியின் நேரத்தில் ஒரு சிறு பங்கைக்கூடச் செலவிடாமல் வென்றவர். உண்மை. ஆனால் அவர் பிலிப்பைன் நாட்டில் தம் பெற்றோருடன் வாழ்ந்த காலத்தில், தொலைக்காட்சியில் நாடோறும் வந்த சதுரங்கப் புதிர்களை அன்னையாரோடு அமர்ந்து விடுவித்துப் பரிசு நூல்களாகப் பெற்றதை இந்நண்பர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரே நிலையை உற்று நோக்கியிருத்தல் அவ்விரைவின் அடியில் கிடந்த பயிற்சி. 2017இல், 48 வயதில், ரியாத் நகரில் உலக விரைவாட்டப் பட்டத்தை வென்று, மின்னலாட்டத்திலும் மூன்றாமிடம் பெற்றபொழுது, தம்மில் இருபதாண்டும் முப்பதாண்டும் இளையோரோடு கைவிரைவில் போட்டியிட்டா அவர் வென்றிருப்பார்? சேர்த்து வைத்த செல்வம் அது.

அத்தேர்வின் பின்னர் யாம் ஒரு குறிப்பேடு வாங்கினோம். நாளொன்றுக்கு ஆறு ஆட்டங்களுக்கு மேல் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் கணினிப் பொறியின் தீர்ப்பைக் காணுமுன்னர், பிழை எவ்விடத்து நேர்ந்தது என்பதை எம் அறிவினால் கண்டு ஒரே தமிழ் வாக்கியத்தில் எழுதுவது என்று முறை வகுத்துக்கொண்டோம். பொறியை முதலில் காண்பதில் ஓர் இடர் உண்டு. அது செந்நிறக் குறியிட்டு இந்நகர்வு தவறு என்று காட்டும். சரியான நகர்வையும் காட்டும். நாமும் தலையசைத்துவிட்டு அடுத்த ஆட்டத்திற்குச் செல்வோம். ஏன் அதனைக் காணாது விட்டோம் என்னும் வினாவிற்கு அதனிடத்தில் விடையில்லை. உலகச் சாம்பியனாகிய குகேஷை இளமையில் பயிற்றிய விஷ்ணு பிரசன்னா என்னும் ஆசிரியர், பல ஆண்டுகள் அவரைப் பொறியின் துணையின்றியே பயிற்றினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவு துறவு நமக்கு வேண்டுவதில்லை. பொறியைக் காணுமுன் இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும்.

வாக்கியம் எழுதுவது எளிதென்று முதலில் எண்ணினோம். எழுதப் புகுந்தபொழுதுதான், தோற்றதன் காரணத்தை ஒரு வாக்கியமாக்க இயலாத அளவுக்கு எம் ஆட்டம் எமக்கே தெரியாதிருந்ததை உணர்ந்தோம். கவனக்குறைவு என்று எழுதினோம். அது காரணமன்று, காரணத்தின் மேல் போர்த்திய போர்வை என்று கண்டு அடித்தோம். ஒரு திங்கள் சென்றபின் குறிப்பேட்டைப் புரட்டினால் வியப்பொன்று காத்திருந்தது. தோல்விகள் பலவாயினும் வாக்கியங்கள் பல அல்ல. நான்கு வாக்கியங்களே மீண்டும் மீண்டும் வந்திருந்தன. எதிரியின் காய் பின்னோக்கி நகர்ந்து தாக்குவதை யாம் பெரும்பாலும் காண்பதில்லை. குதிரையும் மந்திரியும் முன்னேறி வருமென்றே எம் கண் எதிர்பார்த்திருந்தது. காய்களைப் பரிமாறிச் சிப்பாய்கள் மட்டும் எஞ்சும் நிலைக்குச் செல்கையில், அந்நிலை வெற்றியோ தோல்வியோ என்று எண்ணிப் பாராமலே பரிமாறினோம். தொடக்கத்தில் நேரத்தை இறைத்தோம். தோற்ற ஆட்டத்திற்கு அடுத்த ஆட்டத்தைச் சினத்தோடு தொடங்கினோம். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் எமக்குக் காட்டாத இவற்றை ஆறணா மதிப்பும் பெறாத குறிப்பேடு ஒன்று காட்டிற்று. (அணா வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று எனினும் சொல் இனிதாயிருத்தலின் வைத்துக்கொண்டோம்.)

இரண்டாவதாகக் கூறிய பிழை சிறியோர்க்கே உரியதன்று. 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டத்தின் பதினான்காம் ஆட்டத்தை நம்மிற் பலர் பார்த்துக்கொண்டிருந்தோம். சீனராகிய டிங் லிரெனும் சென்னைச் சிறுவராகிய குகேஷும் ஒத்த புள்ளியில் நின்றனர். ஒருவருக்கு ஒரு யானையும் ஒரு மந்திரியும் சில சிப்பாய்களும் எஞ்சியிருந்தன; குகேஷுக்கு ஒரு சிப்பாய் மிகுதி; எனினும் ஆட்டம் சமனில் முடியும் நிலையே. ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் தம் யானையைப் பரிமாற்றத்திற்கு வைத்தார். யானை மாறிற்று, உடனே மூலையில் நின்ற மந்திரியும் மாறவேண்டியதாயிற்று, எஞ்சிய சிப்பாயாட்டம் டிங்குக்குத் தோல்வி. அதனோடு பட்டமும் போயிற்று. பல மணிநேரம் ஆடிக் களைத்த சாம்பியனுக்கு நேர்ந்தது, 20 விநாடி எஞ்சிய நமக்கு நேர்வதில் வியப்பில்லை. ஆகவே பரிமாறும் கைக்கு முன்னே எண்ணும் கண் செல்லுமாறு பழக்கவேண்டும். அது அமைதியாக அமர்ந்து சிப்பாயாட்டங்களைப் பயில்வதனாலன்றி வாராது.

கடிகாரத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். வலியவர் தோற்பது பெரிதும் அங்கேதான். 3 நிமிடம் என்பது 180 விநாடி. ஆட்டம் 60 நகர்வு செல்லுமாயின் நகர்வொன்றுக்கு 3 விநாடியே. நகர்வுக்கு 2 விநாடி கூடுமாயின் அதே 60 நகர்வுக்கு 300 விநாடி கிடைக்கின்றது. அஃதாவது 5 விநாடி. எண்ணளவில் சிறிதாயினும் ஆட்டத்தின் இயல்பையே இது மாற்றிவிடும். மேலதிக நேரமில்லாத ஆட்டத்தின் இறுதியில் நிலை எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. யார் விரல் விரைகின்றதோ அவர் வெல்வார். எதிரி நகருமுன்னரே நம் நகர்வைக் குறித்துவைக்கும் முன்னகர்வு என்னும் வசதியும் அங்கே ஆட்சி செய்யும். அதில் வல்லவராதல் ஒரு திறமையே, அதனை இகழவில்லை, ஆனால் அது சதுரங்கத்திறமை அன்று. வலியவர் தம் ஆட்டத்தை உயர்த்த விரும்பினால் மேலதிக 2 விநாடியுள்ள ஆட்டத்தையே தேர்க என்போம். இம்மேலதிக விநாடி முறையைக் கடிகாரத்தில் அமைத்துக் காப்புரிமை பெற்றவரும், 1992இல் ஸ்பாஸ்கியோடு மீண்டும் ஆடியபொழுது அதனைக் கையாண்டவரும், ஹெர்செக் நோவியில் வென்ற அதே பிஷர்தான். விரைவில் அத்துணை வல்லவராகிய அவரே, வென்ற நிலையிலிருப்பவர் நேரமின்மையாற் தோற்றல் முறையன்று என்று கருதியது நினைக்கத்தக்கது.

ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி சென்றது என்பதை அத்தளங்கள் பதிவு செய்து வைக்கின்றன. நம்மவர் இதனைப் பார்ப்பதேயில்லை. யாம் பார்த்தபொழுது நாணினோம். ஏழாம் நகர்வில், மந்திரியை இக்கட்டத்தில் வைப்பதா அக்கட்டத்தில் வைப்பதா என்று 25 விநாடி எண்ணியிருக்கின்றோம். இரண்டும் ஒத்த நன்மையுடையன. முப்பதாம் நகர்வில், சிப்பாயைத் தள்ளி நடுவிடத்தைத் திறப்பதா மூடுவதா என்னும் வேளையில், ஆட்டத்தின் வெற்றி தோல்வியே அதில் தொங்கியபொழுது, 2 விநாடியில் கையை வைத்திருக்கின்றோம். ஏனெனில் எஞ்சியது 11 விநாடி. இதிலிருந்து யாம் கற்றது: இரண்டு நகர்வுகள் ஒத்தனவாய்த் தோன்றின் ஏதேனும் ஒன்றை உடனே ஆடிவிடுக. சிப்பாய் அமைப்பு மாறும் இடத்திலும், பெருங்காய்கள் பரிமாறும் இடத்திலும், அரசனைத் தாக்கத் தொடங்கும் இடத்திலும் மட்டும் நின்று 15 விநாடி செலவிடுக. ஓர் ஆட்டத்தில் இத்தகைய இடம் மூன்றோ நான்கோதான் வரும். எவ்விடம் நிற்கத்தக்கது என்று அறிவதே வலியவர்க்கு எஞ்சியுள்ள கல்வி. அதனை ஆடிக்கொண்டே அறிய இயலாது. ஆடியபின் திரும்பிப் பார்த்தே அறிய இயலும்.

இறுதியாட்டத்தில் நேர்வதும் இதனைப் போன்றதே. யானையும் சிப்பாயும் ஒருபுறம், யானை மட்டும் மறுபுறம் என்னும் நிலையில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசைவாணராகிய பிலிடார் காட்டிய தற்காப்பு ஒன்றுண்டு. தன் அரசனைச் சிப்பாயின் முன்னே அது முடிசூடும் கட்டத்தருகே நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து எண்ண மூன்றாம் வரிசையில் வைத்து, எதிரி அரசன் உட்புகாமல் காக்கவேண்டும். சிப்பாய் அவ்வரிசைக்கு வந்தவுடன் யானையைப் பலகையின் எதிர்முனைக்கு ஓட்டிப் பின்னிருந்து செக் கொடுத்துக்கொண்டேயிருக்கவேண்டும். முன்னே சென்றுவிட்ட சிப்பாய் தன் அரசனுக்கு மறைவிடம் தராது. இதனை யாம் பதினைந்து வயதிலேயே படித்தோம், கேட்டால் சொல்லுவோம். ஆனால் 9 விநாடி எஞ்சியபொழுது யானையை ஒரு நகர்வு முன்னதாகவே ஓட்டிவிட்டு இரண்டுமுறை தோற்றோம். அறிந்தது வேறு, கையில் இருப்பது வேறு. பின்னர் நண்பர் ஒருவரும் யாமும் மரப்பலகையில் இந்நிலையை வைத்து மாறிமாறிக் காத்தோம். முதலில் நேர வரையின்றி, பிறகு ஒரு நிமிடத்தில், பிறகு 20 விநாடியில். நான்கு மாலைப்பொழுது சென்றது. அதன்பின் அது கையை விட்டகலவில்லை.

தொடக்க முறைகளைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்காகப் பேசுவர். எமக்குச் சொல்ல மிகுதியில்லை. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று கொண்டு அவற்றை ஆழ அறிக. வாரந்தோறும் ஒரு புதுமுறையைக் காணொளியிற் கண்டு மாற்றுவது வீண்.

சினத்தைப் பற்றி மட்டும் விரிவாகக் கூறியே ஆகவேண்டும். ரேட்டிங் என்று வழங்கும் தரப்புள்ளி முறையை வகுத்தவர் அங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்ப்பட் எலோ. உலகக் கூட்டமைப்பு அதனை 1970இல் ஏற்றது. அம்முறையின்படி 200 புள்ளி மிகுந்தவரும் 100 ஆட்டத்திற்கு ஏறக்குறைய 76 புள்ளியே பெறுவார்; அஃதாவது தம்மிற் குறைந்தவரிடம் அடிக்கடி தோற்பது அம்முறையிலேயே எழுதப்பட்டுள்ளது. நிகரானவரோடு ஆடுங்கால், வென்றால் ஆறேழு புள்ளி ஏறும். தோற்றால் அவ்வளவே இறங்கும். நாணயத்தை 20 முறை சுண்டினால் பன்னிரண்டு தலையும் எட்டுப் பூவும் விழுவது இயல்பு. 20 ஆட்டத்தில் 12 தோல்வியும் 8 வெற்றியும் வருவதும் அத்தகையதே. அதனால் ஏறக்குறைய 30 புள்ளி குறையும். நம் ஆற்றல் ஓர் இம்மியும் குறையாமலே அந்த 30 புள்ளி குறையும். எம் 120 புள்ளி இழப்பில் முதல் 30 இவ்வாறு போனதே. எஞ்சிய 90, அந்த 30ஐ மீட்கப் புறப்பட்ட சினத்தினால் யாமே கொடுத்தது. தோற்ற பின்னர் மீண்டும் ஆடு என்னும் பொத்தானைத் தொட எமக்குச் சென்ற காலம், ஆட்டத்தின் எந்நகர்வுக்கும் சென்ற காலத்தினும் குறைவு.

பெரியோர் சிலர் இவற்றையெல்லாம் கேட்டு, அதனால்தான் இவ்வாட்டத்தையே விலக்குக என்கின்றோம் என்பர். 1948இல் உலகச் சாம்பியனான போட்வின்னிக் மின்னலாட்டத்தை ஒருபொழுதும் மதித்ததில்லை என்று சான்றும் காட்டுவர். குகேஷும் பட்டம் பெற்ற காலத்தில் நெடிய ஆட்டத்தில் எய்திய உயரத்தை மின்னலாட்டத்தில் எய்தியவரல்லர். பட்டப்போட்டி சமனாகி விரைவாட்டத்திற்குச் சென்றிருந்தால் டிங்கின் கையே ஓங்கியிருக்கும் என்பதே அறிந்தார் பலரின் எண்ணமாயிருந்தது. எனினும் விலக்குதல் எமக்கு உடன்பாடன்று. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு நடந்தபின் ஊர்தோறும் சிறுவர் பலகையை எடுத்தனர். ஆனால் சிற்றூரில் பலகை கிடைப்பது எளிது, எதிராளி கிடைப்பது அரிது. எம் ஊரில் எம்மோடு ஆடத்தக்கவர் ஒருவரே இருந்தார், தபால் நிலையத்தில். அவரும் மாற்றலாகிச் சென்றார். கழகமும் ஆசிரியருமில்லாத ஊர்ப்பிள்ளைக்கு நள்ளிரவிலும் நிகரான எதிராளியைக் காசின்றித் தருவது இம்மின்னலாட்டம். அதனை நகரத்தில் வளர்ந்தோர் இகழ்வது எளிது.

இவ்வளவும் எழுதத் தூண்டியது சென்ற திங்கள் நடந்த கல்லூரிகளுக்கிடைப் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம் கொண்ட நெடிய ஆட்டம். முதற்பலகையில் அமர்ந்த யாம் 14 நிமிடத்தில் 28 நகர்வு ஆடித் தோற்றோம்; குறிப்பேடு கற்பித்த பாடம் எதிரே மனிதர் அமர்ந்தவுடன் பறந்துவிட்டது. இரண்டாம் பலகையினரும் அங்ஙனமே. இணையத்தில் எம்மிருவரினும் 300 புள்ளி குறைந்த, மின்னலாட்டமே ஆடாத முதலாண்டு மாணவர் ஒருவர் நான்காம் பலகையில் மூன்று மணிநேரம் அசையாமல் அமர்ந்து வென்றார். அரைப்புள்ளியில் கல்லூரி வெற்றியை இழந்தது. திரும்பிவரும் பேருந்தில் அம்மாணவர் எம்மிடம் வந்து, அண்ணா, உங்களைப் போல வேகமாக ஆட எனக்குக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். யாம் அன்று மறுமொழி கூறவில்லை.

இக்கட்டுரையே அம்மறுமொழி. இரவு பத்துமணிக்குமேல் இணைய இணைப்பை நிறுத்துவது பற்றி விடுதிக் காப்பாளர் அவர்கள் கருதியிருப்பதாகக் கேள்வியுறுகின்றோம். (அவ்வேளையில் விடுதி முழுவதும் திரைப்படம் காண்பதனால் இணைப்பு ஏற்கனவே நின்றதற்கு ஒப்பாகவே உள்ளது என்பது வேறு.) நிறுத்தினும் நிறுத்துக. அதனோடு நூலக மாடியில் வெள்ளிதோறும் மாலை இரண்டு மணிநேரம் சதுரங்கக் கழகத்திற்கு ஓர் அறை தருமாறு வேண்டுகின்றோம். ஆளுக்கு மூன்று மின்னலாட்டம், அதற்குமேல் இல்லை. எஞ்சிய பொழுதெல்லாம் ஆடியவற்றை மரப்பலகையில் நினைவிலிருந்து மீண்டும் அடுக்கி, தோற்றவரே வென்றவர்க்குத் தம் பிழையை விளக்குதல். பத்துப் பலகையும் இரண்டு கடிகாரமும் கழகத்தில் உள்ளன. அறை மட்டுமே இல்லை.

அறை கிடைக்கும் வரையில் எம் அறையிலேயே தொடங்கிவிட்டோம். சென்ற வெள்ளியன்று அம்முதலாண்டு மாணவரும் வந்திருந்தார். மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் யாம் வென்றோம், மூன்றாவதில் அவர் வென்றார். மூன்றையும் அவர் பிழையின்றி அடுக்கினார். யாம் இரண்டை அடுக்கினோம். மூன்றாவதில் பத்தொன்பதாம் நகர்வு வரை வந்து நின்றோம். அவர் குதிரை பின்னோக்கிச் சென்று எம் அரசியைத் தாக்கியது அவ்விடத்தில்தான்.